‘பொலூட்’ என்னும் ஆங்கிலச் சொல்: பிறப்பும் பொருளும்

நல்லதண்ணி என்னும் ஊர்ப்பெயருக்குப் பொருள் கூற ஆசிரியர் வேண்டுவதில்லை. அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் வண்டியை விட்டிறங்கி மலையேறத் தொடங்கும் இடம் இவ்வூர். சிங்கள மக்களும் இதனை ‘நல்லதண்ணிய’ என்றே வழங்குவர். இறுதியில் ஓரெழுத்து ஏறியதேயன்றிச் சொல் தமிழ்ச் சொல்லாகவே நிற்கிறது. தண்ணீர் என்பது தண்மை, நீர் என்னும் இரண்டும் சேர்ந்தது. குளிர்ந்த நீர் என்பது அதன் பொருள். ஆயினும் ‘சுடுதண்ணீர்’ என்று நாம் கூசாமற் கூறுகிறோம். குளிர்ந்த நீர் எங்ஙனம் சுடும் என்று எவரும் வினவுவதில்லை. வழக்கின் மிகுதியால் சொல்லின் முற்பகுதி தன் பொருளை இழந்து, நீர் என்னும் பொதுப்பொருளில் அடங்கிவிட்டது. சொற்கள் தாம் பிறந்த இடத்தை இவ்வாறு மறப்பது எல்லா மொழிகளுக்கும் இயல்பு. மறந்ததை நினைவூட்டுவதே சொல்லாராய்ச்சியின் பயன்.

இக்கட்டுரை ஆராயப் புகுந்தது ஆங்கிலச் சொல் ஒன்றனை. அழுக்காக்குதல், தூய்மை கெடுத்தல் என்னும் பொருளில் வழங்கும் ‘பொலூட்’ என்னும் வினைச்சொல்லே அது. அதன் பெயர் வடிவம் ‘பொலூஷன்’. செய்தித்தாளைப் புரட்டுவோர் இச்சொல்லையோ இதன் தமிழாக்கத்தையோ காணாத நாள் இக்காலத்தில் அரிது. தமிழாசிரியனுக்கு ஆங்கிலச் சொல்லில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். பிறமொழிச் சொல்லொன்றைத் தமிழில் பெயர்த்து வழங்கும்போது அதன் பொருள் முழுவதும் வந்து சேர்ந்ததா, வழியில் எஞ்சி நின்றது யாது என்று நோக்குவது தமிழாசிரியன் கடமையேயாகும். அன்றியும், இச்சொல்லை ஆராயப் புகுந்தால் அது நம்மை மொழியோடு நிற்கவிடாது நம் ஊர்க் கிணற்றடிக்கும் ஓடைக்கரைக்கும் அழைத்துச் செல்வதைக் காண்போம்.

சொல்லின் உறுப்புகள்

‘பொலூட்’ என்பது இலத்தீன் மொழியின் ‘பொல்லுவெரே’ என்னும் வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அவ்வினையை அறிஞர் இரண்டாகப் பிரிப்பர். ‘பொர்’ என்னும் முன்னொட்டு, முன்னே, வெளிப்பட என்னும் பொருள்படுவது. எஞ்சிய பகுதி சேற்றோடு தொடர்புடைய ஒரு பழைய வேரிலிருந்து வந்தது. அவ்வேரின் வழிவந்த சொற்கள் வேறு பலவுள. இலத்தீனில் ‘லுட்டும்’ என்றால் சேறு. ‘லுவெஸ்’ என்றால் அழுக்கு. கொள்ளைநோயும் அப்பெயராற் சுட்டப்பட்டது. கிரேக்கத்தில் ‘லூமா’ என்பது கழிவழுக்கைக் குறிக்கும். பழைய ஐரிஷ் மொழியில் ‘லோத்’ என்பது சேறு. ஆகவே ‘பொலூட்’ என்னும் சொல்லின் அடியில் கிடக்கும் காட்சி, ஒருவன் சேற்றை எடுத்து ஒன்றன்மேற் பூசுவதாம்.

இக்காட்சியை மாணவர் மனத்திற் பதித்துக்கொள்வாராக. சேறு தானாக எழுந்து சுவரில் அப்பிக்கொள்வதில்லை. பூசும் கை ஒன்று வேண்டும். இது சிறு செய்தியெனத் தோன்றினும், இக்கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இதன்மேலேயே நிற்கிறது.

ஒலியொப்புமையின் மயக்கம்

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். ‘பொலூட்’ என்பதைக் கேட்ட மாணவன் ஒருவன், “இது நம் ‘பொல்லாது’, ‘பொல்லாங்கு’ என்னும் சொற்களிலிருந்து பிறந்ததன்றோ?” என்று கேட்கக்கூடும். ஒலியும் ஒக்கிறது, பொருளும் ஒருவாறு ஒக்கிறது. ஆயினும் அது பிறப்புறவு ஆகாது. ‘பொல்லாது’ என்பது பொலிவு, நன்மை முதலியவற்றின் மறுதலையாய்த் தமிழிலேயே தோன்றி வழங்குவது. ‘பொலூட்’ என்பதன் ‘பொ’வோ முன்னொட்டு, அதன் உயிர்ப்பகுதி பின்னே நிற்கும் ‘லூ’ ஆகும். இரண்டு சொற்கள் உறவினவா என்று அறியவேண்டுமாயின், அவை இன்று ஒலிக்கும் முறையை மட்டும் நோக்காது, பகுதி எது, ஒட்டு எது என்று பிரித்தறிதல் வேண்டும். தாய்மொழிப் பற்று நற்பண்பே. எனினும் அது சான்றின் இடத்தை நிரப்பாது.

ஒலியொப்புமை ஆங்கிலத்துள்ளேயும் மயக்கத்தை விளைக்கும். ‘டைலூட்’ என்றால் நீர்விட்டு ஐதாக்குதல். ‘அப்லூஷன்’ என்றால் வழிபாட்டுக்குமுன் கைகால் கழுவுதல், நீராடுதல். இவற்றிலும் ‘லூ’ ஒலிக்கிறது. ஆனால் இந்த ‘லூ’ கழுவுதல் என்னும் பொருளுடைய வேறொரு வேரின் வழிவந்தது. ஒரு ‘லூ’ சேறு. மற்றொரு ‘லூ’ நீர். ஒன்று பூசும், ஒன்று கழுவும். சிவனொளிபாதமலை ஏறுவோர் வழியில் சீதகங்குல என்னும் குளிர்ந்த ஓடையில் முகங்கழுவி, நீராடிச் செல்வர். அது கழுவும் ‘லூ’. நீராடியபின் சோப்பு உறையையும் பொலித்தீன் பையையும் அவ்வோடைக் கரையிலே விட்டுச் செல்வாராயின், அது பூசும் ‘லூ’. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே ஆள், கால்நாழிகைக்குள் செய்துமுடிக்க இயலும் என்பதே வருந்தத்தக்கது.

உறவும் அயலும்

அழுக்காக்குதலைக் குறிக்கும் வேறு ஆங்கிலச் சொற்களையும் ஒப்பிட்டு நோக்கின் பொருள் தெளிவாகும். ‘சொயில்’ என்னும் சொல்லை மாணவர் மண் என்னும் பொருளில் அறிவர். அதே வடிவில் அழுக்காக்கு என்னும் வினையும் உண்டு. மண் பட்டால் அழுக்காகும் ஆதலின் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. மண்ணைக் குறிக்கும் பெயர், தரை, இருக்கை என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களோடு தொடர்புடையது. வினையோ பழைய பிரெஞ்சு மொழியில் பன்றி சேற்றிற் புரளுதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. தேயிலைச் செடியின் வேரைத் தாங்கும் மண் வேறு. பன்றி புரளும் சேறு வேறு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே எழுத்துக் கூட்டால் எழுதினும் மண்ணின்மேல் அப்பழி சாராது.

‘கொண்டாமினேட்’ என்பது மற்றொரு சொல். இதன் உள்ளே இருப்பது தொடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேர். தொட்டதனால் வந்த கேடு என்பது இதன் கருத்து. நம் மொழியிலும் இதற்கு ஒப்பான சொல் உண்டு. ‘தீண்டு’ என்னும் வினையிலிருந்து ‘தீட்டு’ என்னும் பெயர் பிறந்தது. யாழ்ப்பாணத்தார் ‘துடக்கு’ என்று கூறுவதும் தொடுதலோடு உறவுடையதே. கடல் கடந்த இரு மொழிகள், ஒன்றையொன்று அறியாமலே, தொடுதலிலிருந்து கேட்டின் பெயரை அமைத்துக்கொண்டன. மனித மனம் எங்கும் ஒரு தன்மையது என்பதற்கு இது சான்று.

இனி, அழுக்கு என்பது யாது? ஆங்கில மானிடவியலறிஞர் மேரி டக்ளஸ் 1966-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு பொருள் தனக்குரிய இடத்தை விட்டு வேறிடத்திற் கிடப்பதே அழுக்கு எனப்படுகிறது என்னும் கருத்தை விரித்துக் காட்டினார். நம் வாழ்வில் இது எளிதில் விளங்கும். தேயிலைக் கொழுந்தின் அடியில் மண் இருந்தால் அது வளம். வெள்ளை வேட்டியில் இருந்தால் அழுக்கு. மாட்டுத்தொழுவத்துச் சாணம் தோட்டத்திற்குச் சென்றால் எரு; கிணற்றில் விழுந்தால் கேடு. பழங்காலத்துக் குப்பைக்கு இவ்வாறு திரும்பிச் செல்ல ஓரிடம் இருந்தது. வாழையிலையும் தேங்காய்ச் சிரட்டையும் மண்ணிற்குத் திரும்பின. பொலித்தீனுக்கோ திரும்பிச் செல்ல இடமே இல்லை. எங்கே கிடந்தாலும் அது இடந்தவறிய பொருளே. முன்னோர் காலத்துக் குப்பைக்கும் நம் காலத்துக் குப்பைக்கும் உள்ள வேறுபாடு இதுவாம்.

சொல் நடந்த வழி

‘பொலூட்’ ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கத் தொடங்கியது. அக்காலத்தில் அது ஆற்றைப் பற்றியோ காற்றைப் பற்றியோ பேசவில்லை. புனிதமான இடத்தின் தூய்மையைக் கெடுத்தல், ஒழுக்கத்தைக் கெடுத்தல் என்னும் சமயப்பொருளிலேயே வழங்கியது. கண்ணாற் காணும் அழுக்கைக் குறிக்கும் பொருள் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஆறும் காற்றும் கெடுதல் என்னும் இக்காலப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் வேரூன்றியது.

அதற்குத் தக்க காரணமும் இருந்தது. இலண்டன் மாநகரின் கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றில் விடப்பட்டன. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றின் நாற்றம் பொறுக்கவொண்ணாததாகிப் பாராளுமன்றத்தையே கலக்கிற்று. அதன்பின்னரே யோசேப்பு பசல்கெட் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி பெருங்கழிவுநீர்க் கால்வாய்கள் அமைக்கப்பட்டன. 1876-இல் ஆறுகள் மாசுபடுத்தப்படுதலைத் தடுக்கும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. அச்சட்டத்தின் பெயரிலேயே ‘பொலூஷன்’ என்னும் சொல் இடம்பெற்றது. கோயிற் பிரசங்கத்தில் வழங்கிய சொல் சட்டப்புத்தகத்துள் நுழைந்தது அவ்வாறு.

1952 டிசெம்பரில் இலண்டனை நிலக்கரிப் புகைமூடிய பனி சூழ்ந்தது. ஏறக்குறைய 4,000 பேர் மாண்டதாக அப்போது கணித்தனர். உண்மைத் தொகை 12,000 வரை இருக்கலாம் எனப் பிற்கால ஆய்வுகள் கூறின. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1962-இல் ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அம்மையார் பூச்சிகொல்லிகளின் கேட்டை எடுத்துரைத்து நூல் எழுதினார். 1972-இல் ஸ்ரொக்கோம் நகரில் ஐக்கிய நாடுகளின் மானிடச் சுற்றாடல் மாநாடு கூடியது. இந்த 20 ஆண்டுகளுள் ‘பொலூஷன்’ என்னும் சொல் பாமரர் நாவிலும் ஏறியது. சேற்றிலே பிறந்து, கோயிலுக்குள் புகுந்து, நெடுங்காலம் கழித்து மீண்டும் ஆற்றங்கரைக்கே திரும்பிய சொல் இது.

தமிழிற் பெயர்த்த முறை

தமிழில் அழுக்கைக் குறிக்கும் சொற்களுக்குக் குறைவில்லை. அழுக்கு, மாசு, கறை, தூசு, மலம், களங்கம், தீட்டு எனப் பலவுள. இவற்றுள் மாசு என்பதற்கு அழுக்கு, குற்றம் என்னும் இரு பொருளும் தொன்றுதொட்டே உண்டு. திருக்குறளின் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் மாசு என்பது மனத்தின் குற்றத்தைக் குறித்து வருகிறது. பொறாமைக்கு வள்ளுவர் வழங்கும் அழுக்காறு என்னும் சொல்லிலும் அழுக்கு ஒலிப்பதைக் காணலாம். வாய்மையைப் பற்றிக் கூறுமிடத்தில் உடம்பைத் துலக்குவது நீர் என்றும், உள்ளத்தைத் துலக்குவது உண்மை என்றும் அவர் பிரித்துக் காட்டினார். ஆகவே ‘பொலூட்’ என்பதற்கு ஈடாக மாசு என்னும் சொல்லைத் தேர்ந்தோர் நன்கு தேர்ந்தனர் என்க. அதிலும் புறவழுக்கு, அகவழுக்கு இரண்டும் உள.

ஆனால் வினையை அமைத்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. இலங்கைப் பாடநூல்களிலும் அறிக்கைகளிலும் பெரிதும் வழங்கும் தொடர் ‘சூழல் மாசடைதல்’ என்பது. மாசடைதல் தன்வினை. ‘ஆறு மாசடைந்தது’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் ஆறு, அடைந்ததும் ஆறே. வேறு ஆள் எவரும் அவ்வாக்கியத்தில் இல்லை. மாம்பழம் பழுத்தது, வானம் இருண்டது என்பன போல இதுவும் தானே நிகழ்ந்த செய்தியாகத் தோன்றுகிறது. ‘மாசுபடுத்தினான்’ என்பது பிறவினை. இதைக் கூறியவுடன் ‘யார்?’ என்னும் வினா எழும். ‘கலங்கு’ என்பதும் ‘கலக்கு’ என்பதும் போன்ற இணை இது. நீர் கலங்கியது என்றால் மழையாலும் ஆகலாம். கலக்கினான் என்றால் ஒருவன் இருக்கவேண்டும். ஆங்கிலத்துப் ‘பொலூட்’ செயப்படுபொருள் குன்றாத வினை. சேற்றைப் பூசிய கையை அது கேட்கும். நாமோ அதனைத் தமிழாக்கும்போது கையை மறைத்துச் சேற்றை மட்டும் காட்டிவிட்டோம்.

மாசடைதல் பிழையான சொல் என்று ஈண்டு கூறவில்லை. நிகழ்ச்சியின் விளைவை மட்டும் கூறவேண்டிய இடத்தில் அது தக்க சொல்லே. விளைவைக் கூறுவதோடு நின்று, விளைத்தவனைக் கூறவேண்டிய இடத்திலும் அதனையே வழங்கினால், மொழியே குற்றவாளிக்குத் திரைபிடிக்கும் என்பதே சொல்லக்கருதியது.

மனிதன்மேற் பூசிய சேறு

பூசிய கையை மறந்த நாம், வேறோரிடத்தில் குற்றமற்ற கையைக் குற்றவாளியாக்கினோம். அதனையும் மறையாது கூறுதல் வேண்டும். தீட்டு என்பதை ஆங்கிலத்திற் பெயர்க்கும் சமூகவியலறிஞர் ‘பொலூஷன்’ என்னும் இதே சொல்லையே எடுத்தாள்வர். பிறப்பு இறப்புக் காலத்து வழக்கமாக இருந்த தீட்டை, பிறப்பினால் ஒரு கூட்டத்தார்மேல் வாழ்நாள் முழுவதும் ஏற்றிவைத்தது நம் சமுதாயம். யாழ்ப்பாணத்தில் கோயில் வாயில்களும் தேநீர்க்கடைகளும் கிணறுகளும் ஒரு சாராருக்கு நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தன. 1957-ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் அதனைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தபின்னும் 1960களில் போராட்டம் நடத்தியே வாயில்களைத் திறக்கவேண்டியிருந்தது. மனிதனின் கை பட்டால் கிணறு தீட்டாகும் என்று அக்காலத்தில் கிணற்றடியிற் காவல் நின்றோர் பலர்.

அதே குடாநாட்டில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் படிந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். ஆறில்லாத குடாநாட்டுக்குச் சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரே உயிர்நீர். அவ்வூரில் இயங்கிய அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெயே காரணம் என்று வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. தாகத்தோடு வந்த மனிதனைத் தடுக்கக் கிணற்றடியில் ஊரே காவல் நின்றது. எண்ணெய் மண்ணுக்கடியிற் புகுந்து வந்தபோது அதனைத் தடுக்க அங்கே காவலில்லை. எது உண்மையில் நீரைக் கெடுக்கும் என்று அறியாமல் தீட்டு என்னும் சொல்லை வழங்கியதன் விளைவு இது. மனிதன் கையால் நீர் கெடுவதில்லை. அவன் கொட்டும் கழிவால் கெடும். அது எந்தக் குலத்தவன் கொட்டினாலும் கெடும்.

மலைநாட்டிலும் இதன் நிழல் உண்டு. தோட்டங்களில் லயன்களின் வாசலையும் கான்களையும் மலசலகூடங்களையும் துப்புரவு செய்வோரை ‘வாசற்கூட்டி’ என்பர். சொல்லளவில் அது நற்பெயரே. வாசலைக் கூட்டித் தூய்மை செய்பவன் என்பது பொருள். வழக்கிலோ அது இழிவுப்பெயராயிற்று. அழுக்கை நீக்குவோனை அழுக்கன் என்றும், அழுக்கைச் செய்வோனை ஐயா என்றும் அழைக்கும் வழக்கம் மொழிக்கும் அறத்துக்கும் ஒருங்கே மாறானது. ‘பொலூட்’ என்னும் சொல்லின் பிறப்பை அறிந்தவன் இத்தவற்றைச் செய்யான். சேற்றைப் பூசியவனே அவ்வினைக்கு எழுவாய், துடைத்தவன் அல்லன்.

இரு கருத்தாக்கள்

வினையைச் செய்தவனைக் கண்டறிய நம் இலக்கணமே நல்ல கருவி தருகிறது. தச்சன் கட்டிய கோயில் என்றால் தச்சன் இயற்றுதற்கருத்தா. அரசன் கட்டிய கோயில் என்றால் அரசன் ஏவுதற்கருத்தா; அவன் கல்லைத் தொட்டவன் அல்லன், ஆயினும் கட்டியவன் அவனே. கோயிலின் புகழை ஏவுதற்கருத்தாவுக்கு வழங்கும் நாம், மாசின் பழியை மட்டும் இயற்றுதற்கருத்தாவோடு நிறுத்திவிடுகிறோம். தேயிலை மலையிற் களைகொல்லி தெளித்த நீர் ஓடையிற் கலந்தால், தெளிகருவியை முதுகிற் சுமந்த தொழிலாளியை முதலிற் காண்கிறோம். எந்த மருந்தை, எவ்வளவு, எந்த இடத்திற் தெளிப்பது என்று வகுத்தவரை எண்ணுவதில்லை. தொழிலாளிக்கு அம்மருந்தால் வரும் தீங்கும் உண்டு. ஆதலின் அவர் கருத்தா ஆவதற்கு முன்னரே செயப்படுபொருளும் ஆகிவிடுகிறார்.

இவ்விலக்கண நுட்பத்தைச் சட்டவுலகம் வேறு பெயரில் ஏற்றுக்கொண்டுள்ளது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாட்டைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் நாடுகள் 1972-இல் பரிந்துரைத்தன. தமிழ்நாட்டில் பாலாற்றங்கரைத் தோற்பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் இக்கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. இலங்கையில் 1980-ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடற் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. மேலே கூறிய சுன்னாகத் தீர்ப்பும் இக்கோட்பாட்டின் வழியதே. நீதிமன்றங்கள் செய்தது ஒருவகையில் இலக்கணப் பயிற்சியே. ‘பாலாறு மாசடைந்தது’, ‘கிணறு மாசடைந்தது’ என்று நின்ற தன்வினை வாக்கியங்களை எடுத்து, எழுவாயைக் கண்டு, பிறவினை வாக்கியங்களாக மாற்றின.

மாணவர் இதனைத் தாமே செய்து பழகலாம். செய்தித்தாளில் மாசடைந்தது, தேங்கிற்று, கலந்துவிட்டது, சேர்ந்துவிட்டது என முடியும் வாக்கியங்கள் ஐந்தை எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றையும் பிறவினையாக மாற்றுக. எழுவாய் கிடைக்காத இடத்தில் ‘யார்?’ என்று எழுதி வைக்க. பின்னர் அவ்வெழுவாய் இயற்றுதற்கருத்தாவா, ஏவுதற்கருத்தாவா என்று பிரிக்க. பரீட்சைக்கும் பயன்படும், ஊருக்கும் பயன்படும்.

ஊர்ப்பெயரைக் காத்தல்

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரமுடையது. அதனைச் சூழ்ந்த காடு மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக 2010-இல் ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு அமைப்பினால் ஏற்கப்பட்டது. இம்மலைத்தொடரின் நீரைத் திரட்டிவரும் மஸ்கெலி ஓயா மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தங்கி, மின்னிலையங்களைச் சுழற்றி, கெகல்கமு ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. களனி 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பிற்கு வடக்கே கடலிற் கலக்கிறது. கடலை அடையுமுன் அம்பத்தளையில் அதன் நீரை எடுத்துச் சுத்திகரித்தே தலைநகரத்து மக்களுக்குக் குடிநீராக வழங்குகின்றனர். ஆகவே நல்லதண்ணியின் ஓடை நல்லதண்ணியாருக்கு மட்டும் உரியதன்று. இங்கே பீலியில் குடம்பிடிக்கும் தாயும், கொழும்பிற் குழாயைத் திறக்கும் பழைய மாணவரும் ஒரே நீரின் இரு முனையில் நிற்கின்றனர்.

டிசெம்பர் மாதப் பூரணையிலிருந்து மே மாத வெசாக் வரையுள்ள யாத்திரைப் பருவத்தில் இவ்வூர் வழியே ஏறி இறங்குவோர் பல்லாயிரவர். பௌத்தர், இந்துக்கள், கிறித்தவர், முசுலிம்கள் ஆகிய நாற்சமயத்தாரும் போற்றும் மலை இது. பருவந்தோறும் பாதையோரத்தில் பொலித்தீனும் பிளாஸ்டிக் போத்தல்களும் குவிகின்றன. இங்கே ‘குவிகின்றன’ என்பதும் தன்வினையே! அவற்றை எறிவோர் யாத்திரிகர், விற்போர் வணிகர், அழியாப் பொருளில் அடைத்து அனுப்புவோர் ஆலைகள். திரட்டி அகற்றுவோரோ பெரும்பாலும் இவ்வூரின் துப்புரவுத் தொழிலாளரும் தொண்டர்களும் மாணவருமாவர். 2017-இல் மெல்லிய பொலித்தீனுக்கும் 2021-இல் வேறு சில ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக்குகளுக்கும் அரசு தடைவிதித்தது. சட்டம் வேண்டியதே. சட்டம் எட்டாத மலைப்படியில் மனமும் வேண்டும்.

‘பொலூட்’ என்னும் சொல் முதலிற் புனிதமான இடத்தைக் கெடுத்தலைக் குறித்தது என்று கண்டோம். பின்னர் ஆற்றைக் கெடுத்தலைக் குறித்தது. இவ்விரு பொருளும் இம்மலையடியில் ஒன்றாகின்றன. இங்கே ஓடையைக் கெடுத்தவன் கோயிலைக் கெடுத்தவனாகிறான். நம் முன்னோர் தீர்த்தம் என்னும் ஒரு சொல்லால் நீரையும் புனிதத்தையும் சேர்த்துச் சுட்டினர். அச்சொல் வாழ்வதற்கு நீர் வாழவேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் இச்சொல்லைக் கற்பிக்கும்போது அதன் எழுவாயையும் கேட்பாராக. மாணவர்கள் மலையிலிருந்து இறங்கும்போது தாம் கொண்டுசென்றதைத் தாமே கொண்டுவருவாராக. உயர்பதவிகளில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்கள் ஓர் அறிக்கையில் கையொப்பமிடுமுன், அதில் ‘மாசடைந்துள்ளது’ என்றிருக்கும் இடத்தில் மாசுபடுத்தியவர் பெயரும் உள்ளதா என்று ஒருமுறை நோக்குவாராக. தண்ணீர் என்னும் சொல்லில் தண்மையை மறந்தோம். அதனால் எவருக்கும் கேடில்லை. நல்லதண்ணி என்னும் பெயரில் நன்மையை மறந்தால், அப்பெயரைச் சுடுதண்ணீரைப் போலப் பொருளற்று வழங்கும் நாள் வரும். அந்நாள் வாராமற் காப்பது நம் அனைவர்க்கும் உரிய கடமை.